அப்பா கண்ணுக்கு மூன்று, பாப்பா கண்ணுக்கு ஐந்து

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 37 வயது. பாரூர் ஏரிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். தை அமாவாசை முடிந்து இரண்டாவது நாள், ராத்திரி 9.40 இருக்கும், த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க வயலுக்குப் போனேன். பத்து வயது மகளும் கூட வந்தாள். அவளை வெளியே நிற்க வைத்துவிட்டு, மோட்டார் ரூமில் செல் டார்ச் அடித்து, மூன்று லைட்டும் எரிகிறதா என்று பார்த்து, ஃபியூஸ் சரிசெய்து, ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வந்தேன். குளிர்காற்று முகத்தில் அடிக்க வடக்கே நடவு வயலைப் பார்த்து நின்றேன். பாப்பா சட்டையைப் பிடித்து இழுத்து மேலே காட்டினாள். தெற்கே கூட்ரோட்டில் புதிதாக ஹைமாஸ் லைட் போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கமிருந்து ஒரு முக்கோணம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. மூன்று மூலையிலும் மங்கலான வெளிச்சம், நடுவில் கறுப்பு, அதற்குள் நட்சத்திரமே தெரியவில்லை. லாரி அகலம் இருக்கும், இரண்டு தென்னை உயரத்தில் போனது. சத்தம் துளிகூட இல்லை, நாயும் குரைக்கவில்லை. வடக்கே போகப் போக மங்கி மறைந்துவிட்டது, எல்லாம் அரை நிமிஷம். வீடியோ எடுத்தேன், வெறும் கறுப்புதான் வந்திருக்கிறது. மகள் அஞ்சு லைட் இருந்தது, நடுவில் வளைந்தது என்கிறாள், பயத்தில் உளறுகிறாள். டீக்கடையில் சொன்னதிலிருந்து எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்கிறார்கள். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. இருட்டினால் மகள் வாசலுக்கே வர மறுக்கிறாள். நான் பார்த்தது என்ன? போலீசில் சொல்ல வேண்டுமா? எனக்குத்தான் மனநிலை சரியில்லையா? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்களுக்கு மனநிலையில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். இல்லாத ஒன்று கண்ணில் தெரிந்தால் அது பார்க்கிற ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கே உங்களுக்கு முன்னாலேயே பார்த்தது பாப்பா, சட்டையை இழுத்துக் காட்டியதும் அவள்தான். ஏதோ ஒன்று மேலே போயிருக்கிறது. பத்து நாள் தூக்கம் கெட்டது வேறு விஷயம். ராத்திரி முறை கரண்டுக்கு எழுந்து எழுந்து ஏற்கெனவே உங்கள் தூக்கம் துண்டு துண்டாகத்தான் இருந்திருக்கும், இந்தக் கவலை அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் கூச்சப்படாமல் ஒரு டாக்டரைப் பாருங்கள். கயிறு கட்டினால் வீட்டில் ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு சண்டை வேண்டாம். ஆனால் "பிள்ளையை ஏதோ பிடித்துக்கொண்டது" என்கிற பேச்சு மட்டும் பாப்பா காதில் விழவே கூடாது.

நான் ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் கூடத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊருக்குக் கிழக்கே, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வராமல் காக்கை பறக்கும் வழியில் வந்தால் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். அங்கே நான் சேர்வதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயம் உங்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போக இருந்தது. காவலூரில் 40 அங்குலத் தொலைநோக்கியை அந்த நட்சத்திரத்தின் மேல் நிறுத்தி அதன் வெளிச்சத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரகம் கிட்டே வருவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடிகள் மங்கி மறுபடி பழையபடி ஆனது. யாரும் எதிர்பார்க்காத மங்கல் அது. யுரேனஸுக்கு இதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் இருக்கிறது என்று முடிவு செய்து எழுதினார்கள். அதே ராத்திரி அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் வைத்த தொலைநோக்கியால் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அது துணைக்கோள் இல்லை, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம் என்று தெரிந்தது. பதிவான மங்கல் கடைசி வரை சரிதான். அதற்கு முதலில் சொன்ன அர்த்தம்தான் மாறியது.

உங்கள் கடிதத்திலும் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. மங்கலான வெளிச்சங்கள், தெற்கிலிருந்து வடக்கே போனது, அரை நிமிஷம், சத்தம் கேட்காதது, போகப் போக மங்கியது, இதெல்லாம் உங்கள் கண்ணும் காதும் தந்தவை, இவற்றை அப்படியே நம்புகிறேன். லாரி அகலம், இரண்டு தென்னை உயரம், நடுவில் கறுப்பு உடம்பு, இவை உங்கள் மனம் போட்ட கணக்கு. மனம் பொய் சொல்லியது என்று சொல்ல வரவில்லை. கைவசம் இருந்ததை வைத்து அது கணக்குப் போட்டது, ஆனால் அந்தக் கணக்குக்குத் தேவையான ஒரு எண் அதனிடம் இல்லை.

அந்த எண் தூரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கி வானத்துக்கு நேரே பிடியுங்கள், அது சுமார் 10 டிகிரி அகலத்தை மறைக்கும். சுண்டு விரல் 1 டிகிரி. முழு நிலா அரை டிகிரிதான், நம்பக் கஷ்டமாக இருக்கும், பௌர்ணமிக்குச் சுண்டு விரலை நீட்டிப் பாருங்கள், நிலா முழுக்க ஒளிந்துகொள்ளும். இப்போது 10 டிகிரி அகலத்தில் ஒன்று தெரிகிறது என்று வையுங்கள். அது 50 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் அகலம் 9 மீட்டர், ஏறக்குறைய ஒரு லாரியின் நீளம். 1 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் 175 மீட்டர். பெரிய விமானங்கள் பறக்கும் 10 கிலோமீட்டரில் இருந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். மூன்றும் உங்கள் கண்ணில் ஒரே மாதிரிதான் விழும். பகலில் இந்தக் குழப்பம் வராது, பக்கத்தில் மரம் இருக்கும், கரண்ட் கம்பி இருக்கும், காக்கை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும். இருட்டில், தெரியாத ஒரு பொருளுக்கு, உயரமும் அகலமும் யாராலும் சொல்ல முடியாது. முப்பது வருஷம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த என்னாலும் முடியாது. அதனால் யாராவது உங்களிடம் எவ்வளவு பெரிசு என்று கேட்டால் லாரி என்று சொல்லாதீர்கள், ஒரு முஷ்டி, ஒன்றரை முஷ்டி என்று சொல்லுங்கள்.

கறுப்பு உடம்பைப் பற்றி. தரையில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் கோலம் போடுகிறவர் கை தானாகவே இழையை இழுத்துவிடும், மனமும் அப்படித்தான். இத்தாலியில் கனீஸா என்ற உளவியலாளர் 1955 இல் இதைப் படம் போட்டே காட்டினார். மூன்று மூலைகளை மட்டும் சரியாக வைத்தால் நடுவில் வரையாத முக்கோணம் ஒன்று பளிச்சென்று தெரியும், அது காகிதத்தைவிட வெளுப்பாகக்கூடத் தோன்றும். வெள்ளைக் காகிதத்தில் அப்படி என்றால் அமாவாசையை ஒட்டிய வானத்தில் கேட்கவே வேண்டாம். உள்ளே நட்சத்திரம் தெரியவில்லை என்கிறீர்கள். அதற்கு முன் பத்து நிமிஷம் நீங்கள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று யோசியுங்கள். செல் டார்ச்சும் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூன்று விளக்கும். வெளிச்சம் பார்த்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். வெளியே வந்து ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்து பார்த்த உங்களுக்கு அன்று எந்தப் பக்கமும் மங்கலான நட்சத்திரங்கள் தெரிந்திருக்காது.

சத்தத்துக்கு வருவோம், உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. இவ்வளவு பெரியது இவ்வளவு தாழ்வாகச் சத்தமில்லாமல் எப்படிப் போகும்? பெரியதும் தாழ்வானதும் மனக்கணக்கு என்று ஆனபின் இந்தக் கேள்வியின் பாதி பலம் போய்விடுகிறது. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி: மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா? ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் பக்கத்திலேயே இருந்திருக்கும், தினமும் கேட்டுப் பழகியதால் உங்கள் கணக்கில் அது சத்தமாகவே சேரவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் மெல்லிய ஓசை எதுவும் காதுக்கு வந்து சேராது. நாய் குரைக்காததற்கும் பெரிய அர்த்தம் தேட வேண்டாம், பழகாத வாசனையும் காலடியும் வந்தால் குரைக்கும், தலைக்கு மேலே தினமும் போய்வரும் ஒன்றுக்குக் குரைக்காது.

சரி, என்னவாக இருக்க முடியாது என்று முதலில் கழித்துவிடலாம்.

எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்டார்லிங்க் என்கிற இணையச் செயற்கைக்கோள் கூட்டம் பற்றித்தான். 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 செயற்கைக்கோள்களை ஏற்றிவிட்டார்கள், அதிலிருந்து ராத்திரி ரயில் பெட்டி மாதிரி வரிசையாக விளக்குகள் போவதை உலகம் முழுக்கப் பார்த்துப் பயந்தார்கள். உங்களுடையது அது இல்லை, வேறு எந்தத் தாழ்வான செயற்கைக்கோளும் இல்லை, சர்வதேச விண்வெளி நிலையமும் இல்லை. காரணம் நேரம். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, நமக்கு இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிப்பதால்தான் அது மின்னுகிறது. 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது, சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு நம் தலைக்கு நேரே வந்தால் பூமியின் நிழலுக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தை மாதம் உங்கள் ஊரில் ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், நீங்கள் பார்த்தது 9.40. நேரத்தைக் குறித்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த ஒரு எண்ணால் ஆயிரக்கணக்கான பொருள்கள் பட்டியலை விட்டுப் போய்விட்டன.

கல்யாண வீட்டில், புத்தாண்டில் பறக்கவிடுகிறார்களே காகித விளக்கு, அதுவும் சத்தம் போடாது, செம்மஞ்சளாக மங்கி எரியும், எரிபொருள் தீர்ந்ததும் நடுவானிலேயே அணைந்துவிடும், மூன்றைச் சேர்த்து விட்டால் சேர்ந்தே போகும். தை முகூர்த்த மாதம் வேறு. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் வடக்கே பார்த்து நின்றபோது குளிர்காற்று முகத்தில் அடித்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தையில் வாடைக்காற்றுதான். காகித விளக்கு காற்று தள்ளும் பக்கம்தான் போகும், எதிர்க்காற்றில் வடக்கே போக அதற்கு வழியில்லை. பலூனுக்கும் இதே பதில்தான். நீங்கள் பார்த்தது எதுவானாலும் சொந்த பலத்தில் போயிருக்கிறது.

பெங்களூருக்கு இறங்குகிற விமானமாக இருக்கலாமா? விமானத்தில் விட்டு விட்டு மின்னும் விளக்கு கட்டாயம் இருக்கும், இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை. நீங்கள் மின்னியதாகச் சொல்லவில்லை, நிறமும் சொல்லவில்லை. டிரோன் என்றால் விதிப்படி 120 மீட்டருக்கு மேல் சாதாரணமாகப் பறக்கக் கூடாது, அந்த உயரத்தில் அதன் ரீங்காரம் தண்ணீர்ச் சத்தத்தில் அமுங்கலாம், ஆனால் அதன் விளக்கு பளிச்சென்று குத்தும், இப்படி மங்கலாக இருக்காது. ஸ்ரீஹரிகோட்டா உங்களுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர், அங்கே ராத்திரியில் ராக்கெட் ஏவினால், 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. போனதே அப்படி, வானம் தெளிவாக இருந்தால் உங்கள் பக்கமிருந்தே தெரிய வாய்ப்புண்டு. ஆனால் அது தொடுவானப் பக்கம் ஒற்றைத் தீப்பொறியாக ஏறும், தலைக்கு மேலே தெற்கிலிருந்து வராது.

இப்போது பாப்பா. தம்பி, இந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஊரே உங்களை நம்பவில்லை என்று வருத்தப்பட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்த நாலு பக்கத்தில் ஒரே வரியில் பாப்பா சொன்னதை உளறல் என்று தள்ளிவிட்டீர்கள். டீக்கடையில் உங்களுக்கு நடந்ததுதான் வீட்டில் அவளுக்கு நடந்திருக்கிறது. உங்கள் இருவரில் நல்ல சாட்சி யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் அவள் என்பேன். நீங்கள் மோட்டார் ரூமில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் வெளியே இருட்டில் நின்றாள், அவள் கண் பழகியிருந்தது. சின்னப் பிள்ளைகளின் கண்மணி இருட்டில் நன்றாக விரியும், நம் வயதில் அந்த அளவுக்கு விரியாது. அப்புறம், முதலில் பார்த்தது அவள், அதிக நேரம் பார்த்தது அவள். நீங்கள் நடுவில் செல்லை எடுத்து வீடியோவுக்குத் தடவினீர்கள், அந்தத் திரை வெளிச்சம் உங்கள் கண்ணை மறுபடி கெடுத்தது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று விளக்கைச் சற்று முன் உற்றுப் பார்த்துவிட்டு வந்த ஆள் மேலே மூன்று விளக்கு என்கிறார், பார்க்காத பிள்ளை ஐந்து என்கிறது. நான் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட முக்கியம் அவள் சொன்ன இன்னொன்று. நடுவில் வளைந்தது. ஒரே உடம்பாக இருந்தால் வளையாது. தனித்தனியாகப் பறக்கிற ஐந்து உயிர்கள் வரிசை பிடித்துப் போனால் வளையும், ஒன்று கொஞ்சம் பின்தங்கும், ஒன்று முந்தும், மூலை விரிந்து சுருங்கும்.

பறவைகள் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். உங்களுக்குத் தெற்கே பாரூர் ஏரி. கார்த்திகையிலிருந்து மாசி வரை வடக்கேயிருந்து வலசை வரும் வாத்துகள், ஊசிவால் வாத்து மாதிரியானவை, நம் ஏரிகளில் தங்கும். இந்த வாத்துகள் பகலில் தண்ணீரில் கூட்டமாக ஓய்வெடுத்துவிட்டு இருட்டிய பிறகு மேயப் போகும், தண்ணீர் நிற்கும் நெல் வயல் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். உங்களுக்கு வடக்கே புது நடவு. ஏரிக்கும் நடவுக்கும் நடுவில் கூட்ரோடு, அங்கே புதிதாக ஹைமாஸ். அந்த வெளிச்சம் ரோட்டில் பட்டு மேலே எழும்பும், அதற்கு மேலே வெளுத்த வயிற்றோடு ஒரு கூட்டம் போனால் ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் சொந்தமாக ஒளிர்கிற மாதிரி மங்கலாகத் தெரியும், இறக்கை அடிப்பது தெரியாது. லைட்டை விட்டுத் தள்ளிப் போகப் போக மங்கி இருட்டில் கரைந்துவிடும். நீங்கள் எழுதிய முடிவு அப்படியே இதுதான். வாத்து மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும், அரை நிமிஷத்தில் அரைக் கிலோமீட்டர், அதுவும் ஒத்துப்போகிறது.

இப்படிக் குழம்பிய முதல் ஆளும் நீங்கள் இல்லை. 1951 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சஸில் லப்பக் என்ற ஊரில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பேராசிரியர்கள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் வரிசையாகப் போன வெளிச்சங்களைப் பார்த்தார்கள். விமானப்படை விசாரித்தது. புதிதாகப் போட்ட தெருவிளக்கின் வெளிச்சம் பறவைகளின் வயிற்றில் பட்டிருக்கிறது என்று ஒரு விளக்கம் வந்தது, எல்லாரும் ஏற்கவில்லை, இன்றைக்கும் பேசுகிறார்கள். நம் நாட்டிலேயே, லடாக் எல்லையில் 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரி வரை நம் ராணுவ வீரர்கள் 329 தடவை வானத்தில் சந்தேகத்துக்குரிய வெளிச்சம் பார்த்துக் குறித்து வைத்தார்கள், சீனாவின் உளவு டிரோன் என்ற பயம். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆட்களை அழைத்தார்கள், காவலூரை நடத்துவதும் அந்த நிறுவனம்தான். வந்து பார்த்துச் சொன்னார்கள்: வெள்ளியும் வியாழனும். அந்த வீரர்களை யாரும் கேலி செய்யவில்லை, செய்யவும் கூடாது. பார்த்ததைத் தேதி நேரத்தோடு எழுதி வைத்ததால்தான் பதிலே கிடைத்தது. அடுத்த தடவை டீக்கடையில் பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

என் கணிப்பைச் சோதிக்க உங்களிடமே வழி இருக்கிறது. மறுநாள் காலையில் நடவு வயலில் நாற்று பிடுங்கி மிதந்ததா, சேற்றில் சவ்வுக்கால் தடம் இருந்ததா என்று நினைவுபடுத்துங்கள், பக்கத்து வயல்காரரையும் கேளுங்கள். அப்புறம் நிலா இல்லாத ஒரு ராத்திரி, ஒன்பது மணிக்கு முன்னாலேயே, அதே இடத்துக்குப் போங்கள். மோட்டார் போட வேண்டாம். செல்லை வீட்டில் வைத்துவிடுங்கள், டார்ச் வேண்டுமென்றால் கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு கூட்ரோட்டுப் பக்கம் பாருங்கள், உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் கேளுங்கள். வாத்துக் கூட்டம் தாழ்வாகப் போனால் இறக்கையில் ஒரு மெல்லிய விசில் கேட்கும், கேட்டவர்களுக்கு மறக்காது. மாசி பங்குனிக்குள் அவை வடக்கே கிளம்பிவிடும், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

அங்கே ஒன்றும் வரவில்லை, வயலில் தடமும் இல்லை, பாப்பாவும் மூலைகள் அசையவே இல்லை என்று சொல்கிறாள் என்றால், பறவை என்பதை நான் விட்டுவிடுகிறேன், வலிந்து பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். விடை கிடைக்காமல் நிற்பவையும் உண்டு. அமெரிக்க விமானப்படை 1969 வரை சேர்த்த 12,618 பதிவுகளில் 701 இன்னதென்று சொல்ல முடியாமலே மூடப்பட்டன. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்து விமானங்களை நிறுத்தினார்கள், விமானப்படை தேடியது. அடையாளம் தெரியவில்லை என்பதற்கு அடையாளம் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், வேற்றுலகத்து வண்டி என்று அதிலிருந்து தாவ முடியாது, தாவாமல் அங்கேயே நின்றுகொண்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியும்.

போலீசுக்குப் போக வேண்டியதில்லை. ஒன்று போனது, போய்விட்டது, யாருக்கும் சேதமில்லை. வானத்திலிருந்து ஏதாவது வயலில் விழுந்தால் கதை வேறு. 2022 ஏப்ரல் 2 ராத்திரி மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையமும் உருண்டைகளும் வயல்வெளியில் விழுந்தன, திரும்பி விழுந்த சீன ராக்கெட்டின் பாகங்கள். அப்படி எதையாவது கண்டால் தொடக்கூடாது, பிள்ளைகளை அண்டவிடக்கூடாது, சில பாகங்களில் நச்சு எரிபொருள் மிச்சம் இருக்கும். உடனே காவல் நிலையத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்ல வேண்டும். டிரோன் ஒன்று தினமும் வந்து வீட்டுக்கு மேலே நிற்கிறது என்றாலும் போலீஸ்தான்.

பாப்பா வாசலுக்கு வர மறுப்பது அந்த அரை நிமிஷத்தால் என்று நான் நினைக்கவில்லை. அவள் பயந்து ஓடவில்லை, நின்று எண்ணியிருக்கிறாள். அப்பா தூங்காமல் இருப்பதையும் கயிறு பற்றிய பேச்சையும் பார்த்து அதற்குப் பிறகு பயந்திருக்கிறாள். நேராக ராத்திரி வயலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். முதலில் சாயங்காலம் திண்ணையில் கூட உட்காருங்கள், முதல் நட்சத்திரத்தை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கட்டும், அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம். ஆறு நட்சத்திரக் கூட்டமாகக் கார்த்திகை இப்போது முன்னிரவில் உச்சியில் இருக்கும், எத்தனை தெரிகிறது என்று அவளை எண்ணச் சொல்லுங்கள், நீங்களும் தனியாக எண்ணுங்கள். அவள் எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்தப் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள், வாத்து என்ற சொல்லே வீட்டில் எழ வேண்டாம். ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து, அன்றைக்கு வந்ததை முதலில் பார்த்த இடத்திலும் தலைக்கு மேலேயும் மறைந்த இடத்திலும் எப்படி இருந்ததோ அப்படியே மூன்று படமாக வரையச் சொல்லுங்கள். நீங்கள் வேறு அறையில் உட்கார்ந்து உங்களுடையதை வரையுங்கள். அவள் படத்தில் எதையும் திருத்தாமல், "அஞ்சுன்னு சொன்னது சரிதான் பாப்பா, நான்தான் கேட்கலை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். ஓரத்தில் தேதியும் பெயரும் அவளே எழுதட்டும்.